மாடி ஏறாமல் ரேட் சொல்கிறவர்

அன்புள்ள கயலுக்கு,

பெரியப்பா எழுதுவது. மாடியில் ஷெட் போட நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று கொட்டேஷனையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மூன்றிலும் ஒரே வரிதான்: ஷீட், பைப், கூலி எல்லாம் உட்பட சதுர அடிக்கு இவ்வளவு. இருப்பதில் குறைவாகக் கேட்டவருக்கே கொடுத்துவிடலாமா என்கிறாய். மூவரில் யார் மாடி ஏறிப் பார்த்தார் என்று மட்டும் எழுதவில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். போனிலேயே நீள அகலம் கேட்டு ரேட் சொன்னவர் உன் மாடிக்கு ரேட் சொல்லவில்லை. ஏதோ ஒரு மாடிக்குச் சொல்லியிருக்கிறார்.

ஷெட் என்பது வெயிலுக்கும் மழைக்கும் என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறோம். போடுகிறவர் காற்றை நினைத்துப் போட வேண்டும். நாலு பக்கமும் திறந்த ஷெட்டில் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே ஓடுகிற காற்று அதே கூரையை உறிஞ்சித் தூக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு, எங்கள் தெருவில் ஒரு ஷெட் காலோடு பிடுங்கிக்கொண்டு பக்கத்து வயலில் கிடந்தது. பட்டறை வைத்திருந்தவன் புத்தி, போய்க் குனிந்து பார்த்தேன். போஸ்ட்டின் அடியில் பேஸ் பிளேட் கோணாமல் இருந்தது. ஆங்கர் போல்ட்டும் அறுந்திருக்கவில்லை. அதன் நுனியில் உடைந்த தட்டோடும் கொஞ்சம் சுண்ணாம்பும் ஒட்டிக்கொண்டிருந்தன. சிமெண்ட்டின் தடயமே இல்லை.

என்ன நடந்தது என்று உனக்குப் புரியவேண்டும். மொட்டை மாடியில் நம் காலுக்குப் படுவது தட்டோடு. அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த சுர்க்கி, ஏறக்குறைய 3 அங்குலம். கான்கிரீட் அதற்கும் கீழே. 4 அங்குல போல்ட்டை மேலிருந்து அப்படியே இறக்கினால் அது கான்கிரீட்டைத் தொட்டுவிட்டு நிற்கும், அவ்வளவுதான். பிடிப்பு முழுக்கச் சுர்க்கியில். அது அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. போதாததற்கு, தட்டோட்டில் போட்ட ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்கி அடுத்த ஐப்பசியில் கீழ் அறை சீலிங் ஊறும். விவரமான ஆள் போஸ்ட் வரும் இடத்தில் மட்டும் தட்டோட்டையும் சுர்க்கியையும் கொத்தி எடுத்து, கான்கிரீட்டில் போல்ட் அடித்து, சுற்றிலும் சின்னப் பீடம் கட்டி, ஓரத்துக்கு வாட்டர் புரூஃபிங் பூசிவிட்டுப் போவார். அதற்கு முன்னால் பீம் எங்கே ஓடுகிறது, தூண் எங்கே இருக்கிறது என்று உன்னைக் கேட்பார். வீட்டு பிளான் இருந்தால் காட்டச் சொல்வார். "பாரபெட் மேலேயே நிறுத்திடலாம் மேடம், பைப் மிச்சம்" என்கிறவரை காபி கொடுத்து அனுப்பிவிடு. அது வெறும் செங்கல் சுவர்.

ஆகவே உன் கேள்வி ஒன்று போதும்: "போஸ்ட்டை எப்படி நிறுத்துவீங்க?" பதில் சொல்ல அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

மதுரையில் உன் தோழி வீட்டு ஷெட் படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்று யாரிடமும் சொல்லாதே. காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875, மதுரைக்கு நொடிக்கு 39 மீட்டர் வேகம் என்று வைத்தால் உன் சென்னைக்கு 50 மீட்டர் என்கிறது. வேகம் கூடுகிற விகிதத்தின் வர்க்கத்தில் விசை கூடும். கணக்குப் போட்டுப் பார், ஒன்றரை மடங்குக்கு மேலே போகும். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அன்று நீ ஹாஸ்டலில் இருந்தாயே, உனக்கே தெரியும்.

அடுத்தது சரக்கு. சதுர அடி ரேட்டில் லாபம் ஒளிந்திருப்பது பைப்பின் கனத்தில். 2 அங்குலச் சதுர பைப் எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். 20 அடி நீளத்தில், 2 மில்லி கனம் என்றால் ஏறத்தாழ 18 கிலோ இருக்கும், 1.6 மில்லி என்றால் 14 கிலோவைச் சற்றுத் தாண்டும். பெயின்ட் அடித்து மேலே ஏற்றிய பிறகு உன்னால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் என்ன பைப், எத்தனை மில்லி, எத்தனை கிலோ என்று எழுதி வாங்கு. சரக்கு வந்து இறங்கும்போது எடைச் சீட்டைக் கேள். ஷீட்டிலும் இதே விளையாட்டு உண்டு. 0.50 மில்லி என்று சொல்வது பூச்சும் பெயின்ட்டும் சேர்த்தா, வெறும் இரும்புத் தகடா என்று கேட்டுக்கொள். நல்ல கம்பெனி ஷீட்டின் அடிப்பக்கத்தில் பெயரும் கனமும் அச்சிட்டிருக்கும். பில்லோடு ஒத்துப் பார்த்து போட்டோ எடுத்து வை. பில் இல்லாமல் கம்பெனி வாரன்டி கிடைக்காது. அது ஷீட்டுக்கு மட்டும்தான், ஒழுகலுக்கு இல்லை. ஒழுகினால் வருவேன் என்பதைக் கான்ட்ராக்டர் தனியாக எழுதித் தர வேண்டும்.

அவர் முடித்த வேலைகளில் புதியதைக் காட்டுவார். நீ இரண்டு மழைக்காலம் பார்த்த ஷெட் ஒன்றைக் கேள். அங்கே போய் ஷீட்டின் வெட்டு ஓரத்தைப் பார். கட்டிங் வீல் போட்டு அறுத்திருந்தால் தீப்பொறி பூச்சைச் சுட்டு, ஓரம் முழுக்கத் துரு படர்ந்திருக்கும். கத்தரியால் வெட்டியிருந்தால் அவ்வளவு இருக்காது. நடுவில் பொரிப்பொரியாகத் துருப் புள்ளி தெரிந்தால், ஸ்க்ரூ போட்டபோது உதிர்ந்த இரும்புத் தூளை அவர்கள் பெருக்காமல் இறங்கிவிட்டார்கள். ஐந்து நிமிட வேலை! அதைச் செய்யாத ஆள் வேறு எதைச் செய்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம் வரும். ஸ்க்ரூ தலைக்குக் கீழே ரப்பர் வாஷர் பிதுங்கி நசுங்கியிருக்கிறதா என்றும் பார். அதிகமாக முறுக்கினால் அது சீக்கிரம் வெடித்துவிடும். வீட்டுக்காரம்மாவிடம் ஒழுகுகிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதே, கூப்பிட்டபோது வந்தாரா என்றும் கேள்.

பணத்தை மூன்றாகப் பிரி. அட்வான்ஸ் கொஞ்சம், சரக்கு உன் வாசலில் இறங்கியதும் பெரிய பங்கு, கடைசிப் பங்கு ஒரு நல்ல மழைக்குப் பிறகு. இதற்கு முகம் சுளிப்பார்கள். சிறு ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும், அதுவும் நியாயமே. குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்று இறங்கி வா. சித்திரையில் எல்லாரும் ஷெட்டுக்கு ஓடுவார்கள், மாசியிலேயே ஆளைப் பிடி. புயல் அடித்த மறுவாரம் வாசலில் வந்து நிற்கிறவரிடம் மட்டும் கொடுக்காதே.

உன் வீட்டு மாடியை ஒட்டி ஈபி லைன் போகிறதல்லவா? 20 அடி பைப்பை எந்தப் பக்கமாக ஏற்றப் போகிறார்கள் என்று வேலைக்கு முன்னாலேயே பேசிக்கொள். தேவைப்பட்டால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும். வெல்டிங் நடக்கும் நாளில் பிள்ளைகளை மாடிப்படிப் பக்கமே விடாதே. மூவரில் யாராவது நேரில் வந்தால் போஸ்ட்டைப் பற்றி என்ன சொன்னார் என்று எழுது. அல்லது போனை அவரிடமே கொடு, நான் பேசுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா