அறிகுறியற்ற தைராய்டுக் குறைவுக்கு மருந்து வேண்டுமா?

சென்ற தை மாதம் சேரன்மகாதேவி வட்டாரச் சிற்றூர் ஒன்றில் சுயஉதவிக் குழுக் கணக்குகளைப் பார்வையிட்டுக் கொண்டிருந்தேன். எழுபது வயதான ஆச்சி ஒருவர் இரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டி, "ஐயா, ஆயுசு பூராவும் மாத்திரை திங்கணுமாமே?" என்று கேட்டார். டி.எஸ்.எச். 6.2 எனத் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. தடித்த எழுத்து எவரையும் அச்சுறுத்தும். தைராக்சின் அளவோ சரியாகவே இருந்தது. களைப்பில்லை, வீக்கமில்லை; வயலுக்கு நடந்தே போய்வருகிறார்.

நான் மருத்துவன் அல்லன். எனினும் அறிந்தோரிடம் கேட்டும் படித்தும் தெளிந்தவற்றை வாசகர்களுக்கு உரைக்கிறேன்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தார்க்கு இது எளிதில் விளங்கும். கடைமடையில் நீர் குறைந்தால் தலைமதகை நோக்கிக் கூக்குரல் எழும். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, கழுத்திலுள்ள தைராய்டை நோக்கி எழுப்பும் குரலே டி.எஸ்.எச். வயலில் நிற்கும் நீரே தைராக்சின். குரல் சற்று உரத்திருந்தும் வயலில் நீர் குறையாதிருப்பதே ஆச்சியின் நிலை. முதுமையில் இக்குரல் சிறிது உயர்வது இயல்பு. கடும் நோயிலிருந்து தேறும்போதும் சில வாரம் உயர்ந்திருக்கும். ஆதலின் ஒரே சீட்டைக் கொண்டு முடிவு செய்தல் தவறு. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். பலருக்கு அதற்குள் தானே சீராகி விடுகிறது.

மாத்திரையால் நன்மை உண்டா? ஐரோப்பாவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. மருந்து உண்டவர்க்கும் வெற்று மாத்திரை உண்டவர்க்கும் களைப்பில் வேறுபாடு காணப்படவில்லை. மருந்து அளவு மிஞ்சினாலோ இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பும் வலுவிழக்கும். 2006 முதல் சட்டப்படி அயோடின் சேர்த்து விற்கப்படும் உப்பை வழக்கம்போல் உண்டால் போதும். கூடுதலாக உண்பது இதற்கு மருந்தாகாது.

ஆனால் அதே வீட்டில் மற்றொரு சீட்டும் இருந்தது. பேத்திக்கும் ஏறக்குறைய அதே எண். அவளோ மூன்று மாதக் கர்ப்பிணி. "ஆச்சிக்கு வேண்டாமென்றால் எனக்கும் வேண்டாம்தானே?" என்றாள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பினேன். கருவிலுள்ள சிசு தொடக்க மாதங்களில் தாயின் தைராக்சினையே நம்பி வளர்வதால், கருவுற்றோரும் கருவுற விழைவோரும் காலந்தாழ்த்தலாகாது. டி.எஸ்.எச். 10-ஐக் கடந்தோரும் மருத்துவரைக் கலந்தே முடிவு செய்தல் வேண்டும். முன்னரே மாத்திரை உண்போர் இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்த வேண்டாம்.

பங்குனியில் ஆச்சிக்கு இரண்டாம் பரிசோதனை நடந்தது, 4.9 என வந்தது. மாத்திரை இப்போது வேண்டாம், அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். பேத்தி மாத்திரை உண்டு வருகிறாள்.