பாடுவதற்கு முன் இரண்டு பெயர்கள்

அன்புள்ள தேன்மொழி,

கல்லூரி விழாவில் உங்கள் பறைக் குழு ‘மனுசங்கடா’ பாடப்போகிறது என்று எழுதியிருந்தாய். மனசு நிறைந்தது. கூடவே, “அது நாட்டுப்புறப் பாட்டுதானே பெரியப்பா, எழுதியவர் யாரென்று தெரியாதாமே?” என்றும் கேட்டிருக்கிறாய். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அதனால்தான் கடிதம்.

அந்தப் பாட்டை எழுதியவர் இன்குலாப். நீ தினமும் செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயில் ஊரப்பாக்கத்தில் நிற்கிறதல்லவா, அங்கேதான் அவர் வீடு இருந்தது. 1944-இல் கீழக்கரையில் பிறந்தவர், இயற்பெயர் சாகுல் அமீது. சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்தார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக் கிராமத்தில், கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக, விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை, பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் பின்னால் விடுவித்தது. இன்குலாபின் எழுத்தைத் திசைதிருப்பியது வெண்மணிதான். அதற்குப் பிறகு அவர் யாருக்காக எழுதுகிறார் என்பதில் கடைசிவரை குழப்பமே இருந்ததில்லை. தனக்குத் தந்த கலைமாமணி விருதை ஈழப் போரின்போது திருப்பிக் கொடுத்தார். மறைந்த மறு ஆண்டு ‘காந்தள் நாட்கள்’ தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது, அவர் மனம் அறிந்த குடும்பத்தார் வேண்டாம் என்றுவிட்டார்கள். 2016 டிசம்பர் 1 அன்று அவர் இறந்ததும், உடலைச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். நீ படிக்கும் ஊருக்கும் அந்தப் பாட்டுக்கும் இப்படி ஒரு உறவு இருக்கிறது என்று உன் குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் எழுதியவர் அந்தப் பாட்டைப் புத்தகத்தில் மட்டும் விட்டிருந்தால் அது உன் காதுவரை வந்திருக்காது. ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனவர் கே.ஏ.குணசேகரன். அவரைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

சிவகங்கைச் சீமையில் மாரந்தை அவர் ஊர். 1955-இல் பிறந்தார். ‘வடு’ என்று தன் இளமைக் காலத்தை எழுதியிருக்கிறார், 2005-இல் காலச்சுவடு வெளியிட்டது. கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பார், சின்னப் புத்தகம், இரண்டு நாளில் முடித்துவிடலாம். இளையான்குடியில் முஸ்லிம் குடும்பங்களோடு முறை வைத்துக் கூப்பிட்டுப் பழகிய சிறுவன், சொந்தக் கிராமத்துக்குப் போனால் சாதி பார்த்து ஒதுக்கப்படுகிறான். பசியும் படிப்பும் பாட்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் புத்தகம் அது. அவர் எங்கேயும் தன்னைப் பார்த்துப் பரிதாபப்படச் சொல்வதில்லை. நடந்ததை நடந்தபடி வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். தமிழில் எழுதப்பட்ட முதல் தலித் தன்வரலாறு என்று அதைச் சொல்கிறார்கள்.

அந்தச் சிறுவன் பிறகு நாட்டுப்புறவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். கரகாட்டத்தை ஆராய்ந்து நூல் எழுதினார், பாடல்களைத் தொகுத்தார், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்தார், தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராகவும் வந்தார். அவர் எழுதிய ‘பலி ஆடுகள்’ தமிழில் தலித் நாடகத்துக்குப் பாதை போட்டது. இத்தனை வேலைக்கும் நடுவில் ‘தன்னானே’ என்ற கலைக்குழுவை வைத்துக்கொண்டு மேடை மேடையாகப் பாடினார். பிறர் எழுதியதைப் பாடினார், தானே கட்டிய பாட்டையும் பாடினார், கிராமத்தில் கேட்டு வந்ததையும் பாடினார்.

விடிய விடிய நடக்கும் கலை இரவுகளில் அவர் பாடியதை மண்ணில் உட்கார்ந்து கேட்ட தலைமுறை எங்களுடையது. ‘ஆக்காட்டி’ பாட்டை எடுத்துக்கொள். முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த ஆக்காட்டிப் பறவை, இரை தேடப் போன இடத்தில் கண்ணியில் மாட்டிக்கொண்டு குஞ்சுகளை நினைத்து அழுகிற கதை. கேள்வியும் பதிலுமாகப் போகும். தாலாட்டு மாதிரி தொடங்கும், ஒப்பாரியின் இழுப்பு எப்போது உள்ளே நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அவர் குரலைச் சன்னமாக்க மாட்டார், சங்கீதக் கச்சேரிக்காரர் மாதிரி குழைக்கவும் மாட்டார். வயலில் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குக் கூப்பிடும் குரல். பக்கத்தில் குழந்தையை மடியில் போட்டிருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்திருக்கிறேன். பறவைக்காக அழுகிறோமா, நமக்காக அழுகிறோமா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அங்கேதான் அவருடைய பெரிய காரியம் இருக்கிறது என்பது என் கட்சி. அதுவரை நாட்டுப்புறப் பாட்டு என்றால் மேடைக்காரர்களுக்குத் தெம்மாங்கு, கேலி, காதல் என்ற ஒரு பக்கம்தான் தெரிந்தது. சாவு வீட்டில் ஒலித்த பறையையும், களத்துமேட்டில் மட்டும் கேட்ட கோபத்தையும் கழுவித் துடைக்காமல் அப்படியே நடுமேடைக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முன்வரிசை. இன்று கல்லூரி மாணவிகள் பறையைத் தீயில் காய்ச்சி, இடது கையில் சுண்டுக்குச்சியும் வலது கையில் அடிக்குச்சியுமாக, கூச்சமில்லாமல் நிற்கிறீர்களே, அந்த இடத்துக்கு அவர் போன்றவர்கள் கொடுத்த விலை உண்டு. அவர் கைதூக்கிவிட்டவர்களில் ஒருவர்தான் சின்னப்பொண்ணு. சினிமாவில் ‘நாக்க முக்க’ பாடியவர் என்று உனக்குத் தெரியும், அதற்கு முன்பே அவர் கிராம மேடைப் பாடகி.

உலகத்தில் வேறு இடங்களிலும் சனங்களின் பாட்டு இப்படி மேடை ஏறியிருக்கிறது. அமெரிக்காவில் வுடி கத்ரி என்றொருவர், பிழைப்பு தேடி ஊர்விட்டு ஊர் போன ஏழை விவசாயிகளோடு அலைந்து, சனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டுகளில் புதுச் சொற்களை ஏற்றினார். நம் பக்கத்துத் தெலங்கானாவில் கத்தர், தோளில் கம்பளியும் காலில் சலங்கையுமாக அதையே செய்தார். 1997-இல் சுடப்பட்டார், ஒரு குண்டை உடம்பிலேயே வைத்துக்கொண்டு 2023 வரை பாடினார். தெரிந்த மெட்டு என்றால் கேட்பவர் இரண்டாவது அடியிலேயே கூடச் சேர்ந்துகொள்வார். நாட்டுப்புற வடிவத்தின் பலம் அது, பழமை என்பதால் வந்த பலம் இல்லை. மேடையில் ஒத்திகை பார்க்கும்போது இதை மறந்துவிடாதே. சொல் புரிய வேண்டும். பறை சொல்லை மூடிவிட்டால் அந்தப் பாட்டில் மிச்சம் ஒன்றுமில்லை. முன்பாட்டுக்காரி பாடும்போது அடியைத் தணித்து, பின்பாட்டு வரும்போது ஏற்று.

இன்னொன்று. உன் கல்லூரி இருக்கும் செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் ‘மனுசங்கடா’ என்று பாடும்போது முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்காவது முகம் சுருங்கினால், நீ குரலைக் குறைக்கத் தேவையில்லை.

குணசேகரனைப் பிடித்துப்போனால் அவர் பாட்டைப் பாடுவதோடு நிற்காதே. அவரைப் போலப் பாட்டுகளைத் தேடித் தொகுக்கவும் செய். நம் கடற்கரை சும்மா கிடக்கவில்லை. மாமல்லபுரத்துக்கு அக்கம்பக்கத்துக் குப்பங்களில் பெரியவலை இழுக்கும்போது, வரிசையாகக் கயிற்றைப் பிடித்தவர்கள் அடி ஒன்றாகப் பின்னால் வைப்பதற்காகப் பாடிய பாட்டுகள் உண்டு. அம்பாப் பாட்டு என்பார்கள். கட்டுமரம் போய், இன்ஜின் வைத்த ஃபைபர் படகு வந்தது, சுனாமிக்குப் பிறகு இன்னும் பெருகியது. துடுப்பும் கயிறும் குறைந்தால் அந்தப் பாட்டுக்கு வேலை இல்லை. இன்றைக்கு வயதானவர்களிடம்தான் கேட்க முடியும்.

மாசி மகத்துக்கு இருளர் பழங்குடியினர் பல ஊர்களிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். சேலையைக் கட்டிக் கூடாரம் போட்டு, மணலில் படி அமைத்துக் கன்னியம்மனைக் கும்பிட்டு, பாடி, ஆடி, அங்கேயே கல்யாணமும் பேசி முடிப்பார்கள். கூட்டமாகப் போய்ப் படமெடுத்துத் திரும்புகிறவர்கள் நிறைய. நீ அப்படிப் போகாதே. முதலில் உட்கார்ந்து பேசு. பாடச் சொல்வதற்கு முன்னால் பதிவு செய்யலாமா என்று கேள், வேண்டாம் என்றால் போனை எடுத்து உள்ளே வை. பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், என்ன வேலை செய்யும்போது பாடுவது, இவற்றைக் கேட்டு எழுது. அவர் உச்சரித்ததை உச்சரித்தபடி எழுது, ‘சுத்தத் தமிழாக’ திருத்தாதே. பதிவை அவர்கள் போனுக்கும் அனுப்பு. யாரோ பாடினார்கள் என்று போட்டுவிட்டுப் போவதால்தான், எழுதியவரும் பாடியவரும் இருக்கிற பாட்டுகூட அனாதையாகிறது.

குணசேகரன் 2016 ஜனவரி 17 அன்று புதுவையில் காலமானார். ஐதராபாத்தில் சாதிப் பாகுபாட்டை எதிர்த்த ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா இறந்ததும் அதே நாள். அந்த ஆண்டு முடிவதற்குள் இன்குலாபும் போய்விட்டார்.

விழா அன்று மேடை ஏறியதும், பறையைத் தட்டுவதற்கு முன்னால், எழுதியவர் இன்குலாப், மக்களிடம் கொண்டுபோனவர் கே.ஏ.குணசேகரன் என்று ஒலிவாங்கியில் சத்தமாகச் சொல்லிவிட்டுத் தொடங்கு. தேதியை எழுது, வருகிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா