பேசினால் அணையும் செல்பேசி

அரக்கோணத்தில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் பெரியவர் ஒருவர், தம்முடைய பழைய பொத்தான் செல்பேசியை ஒரு நாள் என்னிடம் நீட்டினார். "சும்மா வச்சிருந்தா நல்லாத்தான் இருக்கு சார். மணி காட்டுது, டார்ச் எரியுது. யாருக்காவது போன் போட்டா உடனே அணைஞ்சு போகுது" என்றார். கடையில் காட்டியபோது, 'போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்' என்று சொல்லிவிட்டார்களாம். வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் அவரை அழைப்பது அந்தப் பேசியில்தான். புதிது வாங்குவதும் அவருக்குச் சிறிய செலவு அல்ல.

மாணவர்களே, டார்ச் எரிகிறது. ஆனால் அழைத்தால் அணைகிறது. நோயின் அடையாளம் இதிலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க, 1827இல் ஜெர்மானிய அறிஞர் ஓம் வெளியிட்ட விதியே போதும்.

இரண்டு வகை மின்னோட்டம்

சும்மா இருக்கும் பேசி சில மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தையே எடுக்கிறது. 5 மில்லி ஆம்பியர் என்று கொள்வோம். ஆனால் 2ஜி முறையில் பேசும்போது, பேசி தொடர்ச்சியாக அலைகளை அனுப்புவதில்லை. துண்டு துண்டாக அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஆறு பங்கு நேரம்கூட நீடிப்பதில்லை. இப்படி விநாடிக்குச் சுமார் 217 துண்டுகள்! வானொலிப் பெட்டியின் அருகில் செல்பேசி இருந்தால் 'டர்ர்ர்' என்று இரைச்சல் கேட்பதற்கு இதுவே காரணம். கோபுரம் தொலைவில் இருந்தால், அந்தத் துண்டு நேரத்தில் மட்டும் மின்னோட்டம் 2 ஆம்பியர் அளவுக்கு உயரக்கூடும்.

இப்போது, மின்கலமும் பேசியும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அழுக்கேறி, அங்கே 0.5 ஓம் மின்தடை உண்டாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அங்கு இழக்கும் மின்னழுத்தம் எவ்வளவு?

சும்மா இருக்கும்போது: 0.005 × 0.5 = 0.0025 வோல்ட்.
அழைக்கும்போது: 2 × 0.5 = 1 வோல்ட்.

முதலாவது இழப்பைப் பேசி உணர்வதே இல்லை. இரண்டாவதில், 3.8 வோல்ட் மின்கலத்திலிருந்து உள்ளே செல்வது 2.8 வோல்ட்தான். மின்கலம் தீர்ந்துவிட்டது என்று எண்ணிப் பேசி அணைந்துவிடுகிறது! பழுது ஒன்றுதான், மின்னோட்டம் 400 மடங்கானதால் இழப்பும் 400 மடங்காயிற்று.

குற்றவாளி யார்?

உடனே தீர்ப்புக் கூறிவிடக் கூடாது. மின்கலம் பழையதாகி, அதன் அகமின்தடை கூடினாலும் இதே அடையாளம்தான் தோன்றும். ஆகவே அவருடைய மின்கலத்தை, அதே வகை மின்கலத்தால் இயங்கும் என் பேசியில் பொருத்தி அழைத்துப் பார்த்தேன். நன்றாகப் பேச முடிந்தது. மின்கலத்தின்மேல் குற்றமில்லை. அடுத்து ஐயுற வேண்டியது, மின்கலத்தைத் தொடும் சிறிய ஸ்பிரிங் முனைகளை.

இரண்டு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழவழப்பாகத் தோன்றினாலும், நுண்ணளவில் அவை மேடு பள்ளமானவை. மேடுகள் சில மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாகவே செல்ல வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் புள்ளிகள் குறையும். அழுக்கும் ஆக்சைடுப் படலமும் சேர்ந்தால் வழி அடைபடும். அதனால்தான் துருப்பிடிக்காத தங்கத்தை அந்த முனைகளில் மெல்லிய பூச்சாகப் பூசுகிறார்கள்.

அரக்கோணம் சந்திப்பில் மின்சார எஞ்சினின் கூரையைப் பாருங்கள். அங்குள்ள சட்டம், 25,000 வோல்ட் கம்பியை எந்நேரமும் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே ஓடுகிறது. அழுத்தம் குறைந்து தொடர்பு ஒரு கணம் விட்டால் பொறி பறக்கும். ரயிலுக்கும் செல்பேசிக்கும் பாடம் ஒன்றே: தொட்டால் மட்டும் போதாது, தூய்மையாகவும் அழுத்தமாகவும் தொட வேண்டும்.

பழுது நீக்கிய முறை

பேசியை அணைத்து, மின்கலத்தை எடுத்துவிட்டேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சிறிது நனைத்த பஞ்சினால் முனைகளையும் மின்கலத்தின் தகடுகளையும் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அமுங்கிக் கிடந்த ஒரு முனையை மரப் பல்குச்சியால் மெல்ல உயர்த்தினேன். நன்றாக உலர்ந்தபின் மின்கலத்தைப் பொருத்திப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் தம் மகளை அழைத்துப் பேசினார், பேசி அணையவில்லை.

சில எச்சரிக்கைகள்: உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள், தங்கப் பூச்சு போய்விடும். மின்கலத்தின் முனைகளை உலோகத்தால் இணைக்காதீர்கள். கடுமையாகச் சூடேறித் தீப்பற்றலாம். உப்பிய மின்கலத்தைக் குத்தவோ அழுத்தவோ மீண்டும் மின்னேற்றவோ கூடாது. பெரியவர்களிடம் சொல்லி, மின்கழிவு பெறும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு டார்ச் மின்கலங்கள், ஓர் இழை விளக்கு, இரண்டு துருப்பிடித்த ஆணிகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு சுற்று அமையுங்கள். ஆணிகளைக் குறுக்காக லேசாகத் தொடவிடுங்கள், பிறகு அழுத்துங்கள். அடுத்து, ஆணிகளை உப்புத்தாளால் பளபளப்பாக்கி மீண்டும் செய்யுங்கள். விளக்கின் ஒளி எப்படி மாறுகிறது என்று குறித்து வையுங்கள்.

ஒரு கேள்வி: துடைத்தபின் தொடுமுனையின் மின்தடை 0.02 ஓமாகக் குறைந்தது எனில், 2 ஆம்பியர் பாயும்போது இழக்கும் மின்னழுத்தம் எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள். தூக்கி எறியப்பட இருந்த ஒரு பேசி ஏன் பிழைத்தது என்பது விளங்கும்.