நீரிறைக்கும் சிறு இயந்திரம்: குறைகளும் திருத்தமும்

கரம்பொன் முதலிய தீவுப்பகுதிக் கமக்காரருக்கு ஆற்றுப் பாய்ச்சல் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கிக் கிணற்றில் ஊறும் நீரே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் உயிராகும். முன்னாளில் துலாவும் பட்டையும் அந்நீரை இறைத்தன. 1950களிலிருந்து சிறு எண்ணெய் இயந்திரம் அவற்றின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிற்று. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, சீர்கெட்ட இயந்திரத்தால் விளையும் நட்டத்தைப் பலரும் உணர்ந்தனர். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் நான்கடிப்பு இயந்திரத்தை வீட்டிலேயே பேணும் முறையை இங்கு கூறுவோம்.

இயந்திரம் தொடங்காவிடின்

எரிபொருள், தீப்பொறி, காற்று என்னும் மூன்றையும் இவ்வொழுங்கிலேயே சோதித்தல் வேண்டும். முதலில் தாங்கியையும் திறப்பையும் பார்க்க. அடுத்து பிளக்கைக் கழற்றி அதன் நுனியை நோக்குக. நுனி கபில நிறமாயின் கலவை சரியானது. உலர்ந்த கரி படிந்திருப்பின் எரிபொருள் மிகுதி, அல்லது காற்று வடி அடைபட்டுள்ளது. வெளுத்திருப்பின் எரிபொருள் போதாது. நனைந்திருப்பின் துடைத்து உலர்த்துக. பிளக்கின் இடைவெளி ஏறக்குறைய 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை இருத்தல் நன்று. இயந்திரத்தோடு வந்த கைநூல் வேறு அளவு கூறின் அதனையே கொள்க.

கடற்காற்று வீசும் இவ்விடத்தில் பிளக் கம்பியின் முனைகளில் களிம்பு பிடிப்பது வழக்கம். தீப்பொறி குன்றினால் புதிய பிளக் வாங்குமுன் அம்முனைகளைச் சுரண்டித் துப்புரவாக்குக.

சிறிது ஓடி நின்றுவிடின்

கரம்பொனில் வெங்காயம் நட்டு இருபது நாளான தோட்டமொன்றில் இயந்திரம் பத்து நிமிடம் ஓடும், பின் நின்றுவிடும், சற்று ஆறியதும் மீண்டும் ஓடும். உரிமையாளர் மூன்று பிளக்குகளை மாற்றியும் பயனில்லை. பயிர் வாடத் தொடங்கியிருந்தது. தாங்கியின் மூடியைத் தளர்த்தியதும் இயந்திரம் நிற்காது ஓடிற்று. மூடியிலுள்ள சிறு காற்றுத் துளையைத் தூசி அடைத்திருந்ததே காரணம். காற்று உட்புகாவிடின் எண்ணெய் கீழிறங்காது. செலவில்லாத சோதனையை முதலிற் செய்க.

துளை சரியாயிருந்தும் இயந்திரம் நின்றால் காபரேற்றரின் கிண்ணத்தைக் கழற்றி நீரையும் அழுக்கையும் அகற்றுக. அதன் நுண்துளையைக் கம்பியாற் குத்தலாகாது. துளை பெருத்தால் எண்ணெய் வீணாகும். ஊதியே துப்புரவாக்குக.

மண்ணெண்ணெய் பற்றிய எச்சரிக்கை

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை முதியோர் அறிவர். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் நன்கு ஆவியாகாது. எரியாத எண்ணெய் கீழே வழிந்து மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். ஆதலின் பெற்றோலில் ஓட்டி நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்புக. மசகெண்ணெயின் மட்டம் தானே உயர்ந்திருக்கக் கண்டால் மகிழற்க. அதில் மண்ணெண்ணெய் கலந்துள்ளது. உடனே மாற்றுக.

வேகத்தைச் சீர்செய்தல்

இயந்திரம் சூடாயிருக்கும்போது கலவைத் திருகாணியை மெல்ல உட்புறம் திருகுக, ஓட்டம் தடுமாறும். பின் வெளிப்புறம் திருகுக, மறுபடியும் தடுமாறும். இவ்விரண்டிற்கும் நடுவே நிறுத்துக.

ஆயின் இறைப்பு வேகத்தை இயந்திரத்தின் வலிமை கொண்டு தீர்மானித்தல் தகாது. கிணற்றின் ஊற்றுக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும். தீவின் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது விதி. மேல்மட்டத்தைச் சிறிது தாழ்த்தி நெடுநாள் வைத்திருப்பின் அடியிலுள்ள உவர் பன்மடங்கு மேலேறும். துலாவில் இறைத்தவன் களைத்து இளைப்பாறினான், கிணறும் ஊறிற்று. இயந்திரம் களைப்பதில்லை. எனவே இளைப்பாறும் நேரத்தை நாமே வகுத்தல் வேண்டும்.

உறிஞ்சு குழாயின் வாயைக் கிணற்றின் அடியில் வையாது உயர்த்தி வைக்க. நீர்மட்டம் அதனை அணுகியதும் நிறுத்துக. குறைந்த வேகத்தில் காலையும் மாலையுமாகப் பகுத்து இறைக்க. இறைக்குமுன்னும் பின்னும் நீரின் ஆழத்தைக் கயிற்றால் அளந்து குறித்து வருக. நீர் சிறிது கரிக்கத் தொடங்கின் இறைப்பைக் குறைக்க.

இயந்திரத்தை ஒருபோதும் கிணற்றினுள் இறக்கி ஓட்டலாகாது. அதன் புகையிலுள்ள மணமற்ற நச்சுவாயு உயிரைக் கொல்லும்.

நினைவிற் கொள்க

1. மூடித் துளை, வடி, பிளக் ஆகியவற்றை வாரந்தோறும் பார்க்க.
2. பெற்றோலில் தொடங்கிப் பெற்றோலிலேயே நிறுத்துக.
3. மசகெண்ணெயை ஒவ்வொரு நாளும் அளக்க.
4. கிணறு ஊறும் அளவிற்கே இறைக்க.

பழுதடைந்த இயந்திரத்தை ஒரு நாளிற் திருத்தலாம். உவரேறிய கிணறு மீண்டும் நன்னீராக மாரிகள் பல வேண்டும்.