சொட்ட வேண்டிய பம்பும் சொட்டக்கூடாத பம்பும்

பம்புசெட் ஓடும்போது, தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் சொட்டுவதைக் கண்டு, "இதை நிறுத்துவதா, விட்டுவிடுவதா?" என்று விவசாயிகள் கேட்பதுண்டு. இதற்கு ஒரே பதில் கிடையாது. உங்கள் பம்பில் இருப்பது கிளாண்டு கயிறா, மெக்கானிக்கல் சீலா என்று முதலில் பார்க்க வேண்டும். தண்டைச் சுற்றி ஒரு மூடியும், அதை இறுக்க இரண்டு நட்டுகளும் இருந்தால் அது கயிறு. இறுக்குவதற்கு எதுவுமே இல்லையென்றால் சீல். கயிறு உள்ள பம்பு சொட்டியே ஆக வேண்டும். சீல் உள்ள பம்பு சொட்டக்கூடாது. மாற்றிப் புரிந்துகொண்டால் செலவு நம் தலையில்தான்.

இரண்டுக்கும் வேலை ஒன்றே. விசிறியைச் சுழற்றும் தண்டு பம்புக்குள் நுழைய ஒரு துளை வேண்டும். அந்தத் துளையின் இடைவெளி வழியாக உள்ளேயிருக்கும் தண்ணீர் வெளியேறும். கிணற்றிலிருந்து உறிஞ்சும் பம்பாக இருந்தால், சில சமயம் வெளிக்காற்று உள்ளே போகும். காற்று போய்விட்டால் பம்பு தண்ணீர் எடுக்காது.

கயிறு வைத்த பம்பு

சொட்டும் தண்ணீர்தான் கயிற்றுக்கும் தண்டுக்கும் எண்ணெய் போல் உதவுகிறது, சூட்டையும் தணிக்கிறது. நிமிடத்திற்கு 40 முதல் 60 சொட்டு வரை விழுந்தால் போதும். சொட்டே இல்லாதபடி முறுக்கினால் கயிறு கருகும், தண்டில் வரி விழும், மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். வரி விழுந்த தண்டில் எத்தனை புதுக் கயிறு போட்டாலும் நிற்காது.

கயிறு மாற்றும்போது பழையதை முழுவதும் எடுத்துவிட வேண்டும். பழையதன் மேலேயே புதிதாக ஒரு சுற்றைத் திணிப்பது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அது மெக்கானிக்கின் நேரத்தை மிச்சப்படுத்துமே தவிர உங்கள் தண்டைக் காக்காது. நீளமாகச் சுருட்டியும் போடக்கூடாது. தண்டின் பருமனுக்குத் தனித்தனி வளையங்களாக வெட்டி, ஒரு வளையத்தின் வாய்க்கு நேரே அடுத்ததன் வாய் வராதபடி கால் சுற்று தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். நட்டுகளைக் கையால் மட்டும் இறுக்கிப் பம்பை ஓட்டி, கால் மணி நேரம் தாராளமாகச் சொட்டவிட்டு, பிறகு இரு நட்டுகளையும் சமமாக, சிறிது சிறிதாக முறுக்குங்கள். கல்நார்க் கயிறு வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. கிராஃபைட் தோய்த்த பருத்திக் கயிறே நம் பம்புகளுக்குப் போதும்.

கிளாண்டு வழியாகக் காற்று போகிறதா என்று அறிய, பம்பை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் கிரீஸை அடர்த்தியாக அப்பி, மீண்டும் ஓட்டிப் பாருங்கள். டெலிவரி பைப்பில் தண்ணீர் கூடினால் குறை அங்கேதான்.

சீல் வைத்த பம்பு

இப்போதைய மோனோபிளாக் பம்புகள் பலவற்றில் சீல்தான் வருகிறது. இதில் இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் சேர்ந்து நிற்கும். ஒன்று கார்பன், மற்றது பீங்கான். ஒன்று தண்டோடு சுழலும், மற்றது அசையாது. ஒரு சுருள்வில் இரண்டையும் சேர்த்து அழுத்தும். முகங்களுக்கு நடுவே தலைமயிரின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத ஏடாகத் தண்ணீர் நிற்கும். அந்த ஏடு இருக்கும்வரை முகங்கள் அதிகம் தேயாது. அது வற்றினால் சில நிமிடங்களிலேயே முகங்கள் கருகிவிடும்.

நம் பகுதியில் சீல் இளவயதில் சாவது பெரும்பாலும் இப்படித்தான். ஃபுட் வால்வு கசிகிறது. பம்பு நின்றதும் பைப்பிலிருந்த தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடுகிறது. நடுஇரவில் மும்முனை மின்சாரம் வருகிறது, ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போட்டுவிடுகிறது. ஆள் வருவதற்குள் பம்பு வெறுமனே ஓடிச் சீல் கருகிவிடுகிறது. மறுநாள் அதிலிருந்து ஒழுகும் தண்ணீர் மோட்டாரின் பேரிங்குக்குப் போகிறது, கவனிக்காவிட்டால் காயிலும் போகிறது. பூத்து நிற்கும் பயிருக்குத் தண்ணீர் நின்றுபோவது தனி நஷ்டம். ஆகவே சீல் வாங்கும் முன் ஃபுட் வால்வைப் பாருங்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்போர், தண்ணீர் இல்லாதபோது மோட்டார் இழுக்கும் கரண்ட் குறைவதைக் கண்டு நிறுத்திவிடும் கருவியையும் சேர்த்தே பொருத்துவது நல்லது. வெறுமனே ஓடிச் சூடேறிய பம்பில் உடனே குளிர்ந்த தண்ணீரை ஊற்றக்கூடாது. பீங்கான் வெடித்துவிடும். ஆறட்டும்.

மணல் கலந்த தண்ணீர் எடுப்போருக்குக் கயிறே மேல் என்பது என் கருத்து. கயிறு பொறுத்துக்கொள்ளும், கார்பன் முகம் பொறுக்காது. சிலிக்கன் கார்பைடு முகமுள்ள சீல் தாங்கும், விலையும் அதற்கேற்ப.

விலை கூடிய சீல் வேண்டுமா?

தொழிற்சாலைப் பம்புகளில் "பேலன்ஸ்டு சீல்", அதாவது சமன் செய்த சீல் வைப்பார்கள். "அதையே போட்டால் என்ன?" என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. சாதாரண சீலில் சுருள்வில் மட்டுமல்ல, பம்பிலுள்ள தண்ணீரின் அழுத்தமும் வளையத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. முகத்தின் பரப்பு 3 சதுர செ.மீ., பின்னாலுள்ள பரப்பு 3.5 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சீல் இருக்கும் இடத்தில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 3 கிலோ என்றால் தள்ளும் விசை 10.5 கிலோ. முகங்களின் நடுவிலுள்ள தண்ணீர் ஏடு சுமார் பாதி அழுத்தத்தில், 4.5 கிலோ விசையுடன் எதிர்த்துத் தள்ளும். மிச்சம் 6 கிலோ. இதைக் கார்பன் தாங்கும். அழுத்தம் 15 கிலோவானால் அந்த மிச்சம் 30 கிலோவாகிவிடும். முகங்கள் தேய்ந்து கொதிக்கும். சமன் செய்த சீலில் தண்டில் ஒரு படி வைத்து, பின்பரப்பை 2.25 சதுர செ.மீ. ஆகக் குறைக்கிறார்கள். அதே 15 கிலோ அழுத்தத்தில் மிச்சம் 11.25 கிலோதான்.

30 மீட்டர் உயரத்திற்குத் தண்ணீரைத் தள்ளும் பம்பு உண்டாக்கும் அழுத்தம் சுமார் 3 கிலோ. சாதாரண சீல் பொதுவாக 10 கிலோ வரை, அதாவது 100 மீட்டர் வரை தாங்கும். ஆகவே கிணற்றுப் பம்புக்குச் சமன் செய்த சீல் வீண் செலவு. பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கும் பம்புக்கும், மலைச்சரிவில் மிக உயரத்திற்குத் தள்ளும் பல விசிறிப் பம்புகள் சிலவற்றுக்கும்தான் அது தேவை. அங்கேயும் சீல் இருக்கும் பக்கத்து அழுத்தம் எவ்வளவு என்று கேட்டே வாங்க வேண்டும்.

சீல் மாற்றும்போது ஃபியூஸ் கேரியரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரு வளையங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை. தண்டு ஆடுகிறதா பாருங்கள். பேரிங் போயிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். முகங்களில் விரல் படக்கூடாது, கிரீஸும் கூடாது. ரப்பர் எளிதில் ஏற, தண்டில் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். புதுச் சீல் முதலில் சில நிமிடம் கசிந்து தானே நின்றுவிடலாம். அரை மணி நேரம் ஓடியும் நிற்காவிட்டால் கழற்றிப் பார்க்க வேண்டும்.