டிரம்ஸ் சிவமணி: ஒரு லயப் பாடம்

டாக்குரியாவிலும் அடுத்துள்ள லேக் பகுதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குத் தாள ஓசை புதிதன்று. கச்சேரி என்றால் மிருதங்கம், கல்யாணம் என்றால் தவில், துர்கா பூஜை என்றால் வீதியெங்கும் 'டாக்' முழக்கம். ஆனால் வீட்டுப் பிள்ளை "நான் டிரம்ஸ் கற்றுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் மட்டும் நம் பெற்றோரில் பலர் தயங்குகிறார்கள். அது நம் வாத்தியம் அல்ல, படிப்பு கெடும், பிழைப்புக்கு ஆகாது, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள் என்று காரணங்கள் வரிசையாக வந்துவிடும். இவற்றில் எது சரி, எது சரியன்று என்று அறிய, சென்னையில் பிறந்து உலக மேடைகளில் வாசித்த ஒரு கலைஞரின் வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம்.

தந்தை வழியில் வந்த தாளம்

ஆனந்தன் சிவமணி 1959-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தை எஸ்.எம். ஆனந்தன் திரையிசையில் தாள வாத்தியம் வாசித்தவர். ஏழு வயதில் குச்சியைக் கையில் எடுத்த சிறுவன் பதினோராம் வயதிலேயே தொழில்முறையில் வாசிக்கத் தொடங்கினார். பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அளித்த ஊக்கத்தைச் சிவமணி எப்போதும் நன்றியோடு நினைவுகூர்பவர். ஏ.ஆர். ரஹ்மான் திரைப்பட இசையமைப்பாளர் ஆவதற்கு முன்பே 'ரூட்ஸ்' என்ற இசைக்குழுவில் இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். பின்னாளில் ரஹ்மானின் கச்சேரிகளுக்காகப் பல நாடுகளுக்கும் சென்றார்.

சிவமணி தமக்கு முன்மாதிரியாகக் கொண்ட கலைஞர்களுள் ஒருவர் பில்லி காபம். 1944-இல் பனாமாவில் பிறந்த காபம், சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பத்தோடு நியூயார்க்கில் குடியேறியவர். அவரும் நம்மைப் போல் புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைதான். 1970-களின் தொடக்கத்தில் 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்ற குழுவில் வாசித்துப் புகழ்பெற்றார். ராக் இசையின் வேகத்தையும் ஐந்து, ஏழு, ஒன்பது என வரும் சிக்கலான தாளக் கணக்குகளையும் சேர்த்துத் தந்த குழு அது. அந்தக் காபத்தோடு 1990-இல் பம்பாய் ரங் பவன் அரங்கில் சேர்ந்து வாசிக்கும் பேறு சிவமணிக்குக் கிடைத்தது.

2008-இல் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கியபோது சென்னை அணிக்காக அவர் முழக்கிய டிரம்ஸ், இசைக் கச்சேரிக்கே போகாதவர்களின் காதுக்கும் எட்டியது. 2019-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. மேடையில் அவர் டிரம்ஸோடு நிற்பதில்லை. பயணப் பெட்டி, தண்ணீர் வாளி, சமையல் பாத்திரம் என எதைத் தட்டினாலும் அதிலிருந்து ஒரு தாளக்கட்டு எழும்.

டிரம்ஸ் யாருடைய வாத்தியம்?

டிரம்ஸ் என்பது பல வாத்தியங்கள் கூடிய ஒரு தொகுதி. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஊர்வலங்களில் பெரிய முரசை ஒருவர், சிறிய முரசை ஒருவர், தாளத் தட்டுகளை ஒருவர் என்று தனித்தனியே வாசித்து வந்தார்கள். இசை கூடத்துக்குள் வந்ததும், இடமும் கூலியும் கருதி எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்தார்கள். 1909-இல் வில்லியம் லுட்விக் பெரிய முரசைக் காலால் அடிக்கும் மிதிகட்டைக்குக் காப்புரிமை பெற்றார். இரு தட்டுகளைக் காலால் சேர்த்துப் பிரிக்கும் 'ஹை-ஹாட்' 1920-களில் வந்தது. தட்டுகளுக்குப் பேர்போன சில்ஜியான் குடும்பம் இஸ்தான்புல்லில் இருந்து அமெரிக்கா சென்ற ஆர்மீனியக் குடும்பம். 'டாம்-டாம்' என்ற முரசின் பெயரோ இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்று அகராதிகள் கூறுகின்றன. ஆகவே இந்த வாத்தியத்தை எந்த ஒரு நாட்டுக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஊர்விட்டு ஊர் சென்றவர்கள் கொண்டுவந்து சேர்த்த கூட்டுச் சொத்து அது.

குறைவாக வாசிப்பதும் கலையே

கறுப்பின மக்களின் தேவாலயப் பாடலும் கேளிக்கைக் கூடத்துப் பாட்டும் கலந்து 1950-களில் உருவான இசையைச் 'சோல்' என்பார்கள். அதன் தலைசிறந்த டிரம்ஸ் கலைஞர்களுள் ஒருவர் மெம்பிஸ் நகரத்து ஆல் ஜாக்சன் (1935–1975). சிவமணியைப் போலவே அவருக்கும் தந்தையே வழி. தந்தை நடத்திய இசைக்குழுவில் சிறு வயதிலேயே மேடையேறினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்பதே அரிதாயிருந்த நகரத்தில், இரு இனத்தாரும் சேர்ந்து நடத்திய 'புக்கர் டி அண்ட் த எம்.ஜி.ஸ்' குழுவின் லயத்தைத் தாங்கியவர் அவர். ஜாக்சன் அலங்காரமாக அடிக்கமாட்டார். கடிகாரம் போல் பிசகாமல் வாசிப்பார். 1965-இல் வில்சன் பிக்கெட் பாடிய ஒரு பாட்டில், சிறிய முரசின் அடியைக் கண்ணிமைக்கும் நேரம் தாமதித்து வைத்தார். கேட்டவர்களின் கால் தானாக ஆடியது. சிவமணியின் பெருக்கும் ஜாக்சனின் சுருக்கமும் இரு துருவங்கள் போலத் தோன்றினாலும், இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே: காலப் பிரமாணம் பிசகாமை.

ஆதி தாளமும் ராக் தாளமும்

இனி வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. 1-இல் தட்டு, 2, 3, 4-இல் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், 5-இல் தட்டு, 6-இல் வீச்சு, 7-இல் தட்டு, 8-இல் வீச்சு.

இதே எட்டு எண்ணிக்கையில் ராக் தாளத்தை வைப்போம். 1, 3, 5, 7-இல் வலது கால் பெரிய முரசை அடிக்கும். 2, 4, 6, 8-இல் இடது கை சிறிய முரசை அடிக்கும். வலது கை ஹை-ஹாட்டில் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் இரண்டு அடியாக ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். நம் கை ஓசையெழத் தட்டும் 1, 5, 7 மூன்றும் பெரிய முரசின் இடங்கள். சிறிய முரசு உரக்கப் பேசும் 2, 4, 6, 8-இலோ நாம் விரலை எண்ணுகிறோம் அல்லது கையை வீசுகிறோம், ஓசை இல்லை. நாம் மௌனமாகக் கணக்கு வைக்கும் இடத்தில் அவர்கள் ஓங்கி அடிக்கிறார்கள். கணக்கு ஒன்று, அழுத்தம் வேறு. சங்கீத வகுப்பில் தாளம் போட்டுப் பழகிய பிள்ளை டிரம்ஸுக்கு முன் அமர்ந்தால் வெறுங்கையோடு அமரவில்லை என்பது இதனால் விளங்கும்.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

பிழைப்பு பற்றிய கவலை நியாயமானதே. 1980-களுக்குப் பின் தாள இயந்திரமும் கணினியும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள் வந்து, பல வாத்தியக்காரர்களின் வேலையைக் குறைத்தன. எல்லோரும் சிவமணி ஆகிவிட முடியாது. ஆகவே படிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. பழகுவதைத் தடுக்க வேண்டாம் என்றே சொல்கிறோம்.

தயக்கத்துக்குப் பின்னால் நாம் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. தோல் வாத்தியம் அடிப்பவரைச் சாதியின் பெயரால் தாழ்வாகப் பார்த்த பழக்கம் நம் ஊரிலும் இருந்தது, வங்கத்திலும் இருந்தது. பறை அடித்தவர் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டார். பூஜைக்கு முன் சியால்தா நிலையத்தில் கூலிக்குக் காத்திருக்கும் டாக் கலைஞர்களும் பெரும்பாலும் ஏழைக் கிராமத்தார். அந்தப் பார்வையை நம் பிள்ளைகளுக்குக் கைமாற்றிக் கொடுக்க வேண்டாம்.

கலைக்கும் நம் அடையாளத்துக்கும் பகை இல்லை என்பதற்கு இதே கொல்கத்தாவில் சான்று உண்டு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப், பார்க் ஸ்ட்ரீட் டிரிங்காஸ் விடுதியில் பட்டுப்புடவையும் பொட்டுமாக நின்று மேல்நாட்டுப் பாடல்களைப் பாடினார். 2024-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அடுக்குமாடி வீட்டில் சத்தம் தொல்லையென்றால் தொடக்கத்தில் முழு டிரம்ஸ் வாங்கத் தேவையில்லை. ரப்பர் பலகை ஒன்றும் இரண்டு குச்சிகளும் போதும். நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை என்ற விளம்ப காலத்தில், நாள்தோறும் பதினைந்து நிமிடம் இரு கையும் மாறி மாறிச் சமமாக அடிக்கட்டும். வேகம் பிறகு வரும்.

பிள்ளைகளே, உங்களுக்கு இரண்டு வேலைகள்: 
1. ஒருவர் ஆதி தாளம் போட, மற்றவர் மேசையில் ராக் தாளம் தட்டுங்கள். எட்டு ஆவர்த்தனம் பிசகாமல் வருகிறதா என்று பாருங்கள். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்ளுங்கள். 
2. உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றில் சிறிய முரசு எந்த எண்ணிக்கையில் விழுகிறது என்று கண்டுபிடித்துத் தாத்தா பாட்டிக்குத் தாளம் போட்டுக் காட்டுங்கள்.