சுடாத துப்பாக்கி

டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில், சென்ற பொங்கல் விடுமுறையின்போது தம்பிக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கினேன். ஜப்பானில் 1983-இல் நின்டெண்டோ வெளியிட்ட 'ஃபாமிகாம்' கருவியின் நகல் அது. மூலக் கருவியின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட்! தம்பிக்கு அதெல்லாம் பொருட்டல்ல. உடன் வந்த துப்பாக்கியால் திரையில் பறக்கும் வாத்துகளைச் சுடவேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் எல்.இ.டி. தொலைக்காட்சியில் இணைத்தோம். மற்ற ஆட்டங்கள் ஓடின. வாத்து மட்டும் ஒன்றுகூட விழவில்லை. திரைமீது குழலை ஒட்டிவைத்துச் சுட்டும் பயனில்லை. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். "காலேஜ் படிச்சும் ஏமாந்துட்டியேடா!" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் முதன்முதல் கல்லூரி வாசல் மிதித்தவன் நான். அந்தச் சொல் சுட்டது.

படித்துப் பார்த்தபின் விளங்கிற்று. நண்பர்களே, இத்துப்பாக்கி எதையும் வெளியே விடுவதில்லை, ஒளியை வாங்கிக்கொள்கிறது! விசையை அழுத்தியதும் திரை கணநேரம் கறுக்கும். அடுத்த கணம், வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். குழலுக்குள்ளிருக்கும் ஒளியுணர் டையோடு அதைக் கண்டால் வாத்து விழும். பழைய படக்குழாயில் எலக்ட்ரான் கற்றை விநாடிக்கு 15,625 வரிகள் வரைகிறது. மூலத் துப்பாக்கியின் மின்சுற்று அந்தத் துடிப்புள்ள ஒளியை எதிர்பார்த்தே அமைந்தது. எல்.இ.டி. திரையில் அத்துடிப்பு இல்லை. படமும் சற்றுத் தாமதித்தே வருகிறது.

அப்பத்தா வீட்டுப் பரணில், 2006-இல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் கிடைத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி கிடந்தது. இறக்கித் துடைத்து இணைத்தேன். தம்பி குறி வைத்தான். முதல் வாத்து விழுந்தது. அன்றிரவு அவன் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை.